தண்ணீர்த் தொட்டிக்கு அப்புறம்

அக்கா பெட்டியோடு படியேறி வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த விவகாரத்தில் கடைசியில் என் தலைதான் உருளும் என்று. புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் நிற்பவள் கதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் நாளைக்கு ஒன்று சேர்ந்துகொள்வார்கள். நடுவில் நின்றவள் பொல்லாதவள் ஆகிவிடுவாள். ஆனாலும் கூடப் பிறந்தவளை வாசலில் நிறுத்தி, போய் யோசித்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

உள்ளே என்றால் ஒரே அறை. பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில். ஜன்னல் பக்கம் என் பட்டறை, சுவர்ப் பக்கம் என் குடித்தனம், நடுவில் ஒரு திரை. பட்டறையில் இருப்பதெல்லாம் ஒரு மேஜை, ஒரு விளக்கு, உலோகத்தைச் சூடாக்க ஒரு சின்ன கேஸ் பர்னர், சில சுத்தியல்கள், சில அரங்கள். அக்கா கட்டிலை எடுத்துக்கொண்டாள். நான் மேஜைக்குக் கீழே படுத்தேன். காலையில் எழுந்தால் தலையெல்லாம் வெள்ளித் தூள்.

"என்னடி, ஒரே ராத்திரியில இப்படி நரைச்சுப்போச்சு?" என்றாள் அக்கா. வீட்டை விட்டு வந்தவளுக்கு வாய் மட்டும் குறையவே இல்லை.

வந்த காரணத்தை அவள் காபி குடித்துக்கொண்டே சொன்னாள். அத்தான் ஊருக்கு வெளியே, வட்டச் சாலைக்கும் அப்பால், ஒரு புது அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு பேசி முடித்துவிட்டார். இவர்கள் இத்தனை வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்வதாகவும் சொல்லிவிட்டார். அக்காவிடம் கேட்கவில்லை. சாப்பிடும்போது தகவலாகச் சொன்னார்.

"'நாம வீடு மாறுறோம்'னார். 'நாம கையெழுத்துப் போட்டாச்சு'ன்னார். நான் எப்பம்மா போட்டேன்?" அக்கா தம்ளரை ணங்கென்று வைத்தாள். "'நான் போட்டேன்'னு சொல்லியிருந்தாக்கூட, சரி, மனுஷன் ஏதோ செஞ்சுட்டான்னு விட்டிருப்பேன். 'நாம'ன்னு சொல்லி என்னையும் உள்ள இழுத்துப் போட்டுக்கிட்டாரு பாரு, அதுதான் பொறுக்கல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதேதான். நாம நாமன்னு சொல்லியே எனக்கு நாமம் போட்டுட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிறகு அவள் அழுதாள்.

அக்கா கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருபது வருஷத்துக்கு மேலாக, இருட்டு அறையில், ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போவாள், நடந்தே வருவாள். மழையானாலும் சரி. புது வீட்டிலிருந்து நடக்க வழியே கிடையாது. நடைபாதை இல்லாத நெடுஞ்சாலையில் லாரிகள்தான் நடமாட முடியும். அதற்கு அத்தான் சொன்ன பதில், நான் கார்ல கொண்டு விடுறேனே என்பது.

அவர்கள் மகன் வேறு ஊரில் படிக்கிறான். போன் செய்து சொன்னோம். "ரெண்டு பேரும் பெரியவங்க, பார்த்து நடந்துக்குங்க" என்று வைத்துவிட்டான். அப்படிப் பெற்று வைத்திருக்கிறார்கள்.

அத்தான், அக்கா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் மேற்பார்வையாளர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்த ஓனருக்கு ஒரு லிஃப்ட் வச்சா என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். அன்றும் கேட்டார். ஆனால் சுரத்தே இல்லை.

"கம்பி," என்றார். அது அவர் எனக்கு வைத்த பெயர். நாள் முழுக்கக் கம்பியை வளைத்துக்கொண்டிருப்பதால். "நீ கம்பியை நீட்டுறதைப் பார்த்து உங்க அக்காவும் கம்பி நீட்டிட்டா பார்த்தியா?"

"காரணத்தோடதான் நீட்டியிருக்கா."

"பத்தாவது மாடி, காத்து என்னமா வருது தெரியுமா? லிஃப்டே ரெண்டு. ரெண்டும் நல்ல லிஃப்ட், நானே செக் பண்ணிட்டேன்."

"அத்தான், உங்களுக்கு மேல கீழதான் தெரியும். இடது வலது தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மேஜை மேல் கிடந்த அரங்களை அளவு வாரியாக அடுக்க ஆரம்பித்தார். மாசக் கடைசியில் பழைய வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்றார். அதற்குள் அக்கா திரும்பி வரவில்லையென்றால், அவர் மட்டும்தான் பத்தாவது மாடிக்குப் போக வேண்டும். "அவ இல்லாம அங்க போய் நான் என்ன பண்றது? காத்து வாங்கவா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. எனக்கு அத்தானைப் பிடிக்கும். அதுதான் சங்கடம். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

அவர் கேட்டது ஒரு கழுத்து மாலை. கல்யாணத்துக்கு முன்னால் அவரும் அக்காவும் தினமும் மாலையில் நடந்த வழியை வெள்ளியில் செய்து தர வேண்டும். அதைப் பார்த்தால் அவள் மனம் இளகிவிடும் என்பது அவர் கணக்கு.

என் தொழில் அதுதான். யாராவது வந்து ஒரு வழியைச் சொல்வார்கள்: பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போன வழி, ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகித் திரும்பி வந்த வழி. அந்த வழியை நான் நடப்பேன். கையில் மெல்லிய செம்புக் கம்பி இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டைவிரலால் அழுத்தி வளைத்துக்கொண்டே போவேன். நீளமான தெருவுக்குக் கம்பியிலும் நீளம், சந்துக்கு நகத்தளவு. திரும்பி வந்து அதைப் பார்த்து வெள்ளிக் கம்பியை வளைப்பேன். கல் பாவிய தெருவுக்குச் சுத்தியலால் கொத்து, தார்ச் சாலைக்கு வழவழப்பு, படிக்கட்டுக்கு அரத்தால் கீறல். நின்று பேசிய இடம் இருந்தால் அங்கே ஒரு சொட்டு வெள்ளியை உருக்கி மணியாக வைப்பேன். போனில் வரும் நீலக் கோட்டைப் பார்த்து வளைக்க மாட்டேன். நடக்காத வழியை என் கை வளைக்காது. எனக்கு இருக்கும் ஒரே கொள்கை அது. மற்ற விஷயங்களில் நான் யார் பக்கம் வேண்டுமானாலும் சாய்வேன்.

அத்தான் வழியைச் சொன்னார். அவர் அப்போது பெரிய வணிக வளாகத்தில் லிஃப்ட் மெக்கானிக். அக்கா அதே வளாகத்தில், முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கண்ணாடிக் கடையில். வளாகத்தின் பின்வாசலில் புறப்பட்டு, விளக்குக் கடைச் சந்து வழியாக வந்து, கோர்ட்டுச் சுவரை ஒட்டிப் போய், கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் முடியும். தண்ணீர்த் தொட்டி இருப்பது எங்கள் பழைய தெருவின் ஒரு முனையில். அங்கிருந்து நேராகப் போனால் அப்பா அம்மாவோடு நாங்கள் இருந்த வீடு.

"தொட்டிக்கிட்ட டாட்டா சொல்லிடுவேன். அதுக்கு மேல வந்தா உங்க அப்பா பார்த்துட்டா வம்பு. ஆனா வீடு வரைக்கும் கொண்டு விட்ட மாதிரிதான். அங்கேருந்து அஞ்சு நிமிஷம்."

"அதோட முடிஞ்சுதா?"

"அதோட முடிஞ்சுது."

மறுநாள் போய் நடந்தேன். விளக்குக் கடைகளில் இப்போது பாதி செல்போன் கடைகள். கோர்ட்டுச் சுவர் அப்படியே இருந்தது, அதில் சாய்ந்து நிற்கும் வக்கீல்களும் அப்படியே இருந்தார்கள். பாலத்தின் நடுவில் ஒரு கைப்பிடி தேய்ந்து பளபளவென்று இருந்தது. அத்தான் அங்கேதான் நின்று பேசுவோம் என்று சொல்லியிருந்தார். மணிக்கு இடம் குறித்துக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியை அடைந்ததும் கம்பியை முடித்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்பா அம்மா போன பிறகு அதை விற்று, இப்போது அங்கே மெஷினில் துணி துவைத்துக் கொடுக்கும் கடை இருக்கிறது.

மாலை நன்றாக வந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்வார்கள்? ஒரே ஒரு சிக்கல், எல்லா வழி மாலையிலும் வருகிற சிக்கல். வழிக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. கழுத்துக்கு அதெல்லாம் கிடையாது, அது வட்டம். வளாகத்தின் பின்வாசல் ஒரு தோளில் தொடங்கும், தண்ணீர்த் தொட்டி மறு தோளில் முடியும், பின்கழுத்தில் வெற்றிடம். அந்த இடத்தில் சாதாரணச் சங்கிலியை வைத்துக் கொக்கி போட்டு மூடிவிடுவேன். அந்தச் சங்கிலியை நான் செய்வதுகூட இல்லை. மொத்தக் கடையில் சுருளாக வாங்கி வைத்திருப்பேன், தேவைக்கு வெட்டிக்கொள்வேன். முடிக்கு அடியில் மறைந்துவிடும், யாரும் பார்க்கப் போவதில்லை.

அத்தான் அதைக் கொடுக்க வந்த நாள் விடுமுறை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, ஆனால் கால்களை மடக்கி ஸ்டூலுக்கு இடம் விட்டாள். நான் திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். திரை மெல்லியது. காது கொடுத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, தானாகவே விழுந்தது.

"நாம நடந்த வழி," என்றார் அத்தான்.

எட்டிப் பார்த்தேன். அக்கா மாலையைக் கழுத்தில் மாட்டியிருந்தாள். தலையைக் குனிந்து பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இது பின்வாசல்... இது விளக்குச் சந்து... இது பாலம். ஐயோ, மணி வேற வச்சிருக்காளா!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இன்று ராத்திரி கட்டில் நமக்குத்தான் என்று நினைத்தேன். அப்புறம் அவள் விரல் தோளைத் தாண்டிப் பின்கழுத்துக்குப் போனது. "இது தண்ணீர்த் தொட்டி. அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவ்வளவுதான். கொக்கி," என்றார் அத்தான்.

"அப்புறம்தான் நான் நடந்தேன்."

அவள் மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை, பத்திரமாகத்தான் வைத்தாள். "வழி சரியாத்தான் இருக்கு. ஆனா இது உங்க வழி. நீங்க டாட்டா சொன்ன இடத்துல முடியுது. இதைப் போய் 'நாம'ங்கறீங்க."

அத்தான் திரையைப் பார்த்தார். உதவிக்கு என்னைக் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. வெளியே வந்தேன்.

"அக்கா, அந்த மிச்ச வழியைச் சொல்லு. நான் நடந்து பார்த்துச் சேர்த்துடறேன். அந்தச் சங்கிலியை வெட்டிப் போட எவ்வளவு நேரம் ஆகப்போகுது?"

"நீ எதுக்குடி கேக்கறே? நீ ஒண்ணும் என்னை அந்தப் புது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகப் போறதில்ல."

அத்தான் சட்டென்று எழுந்து என் மேஜையிலிருந்து ஒரு துண்டு செம்புக் கம்பியை எடுத்தார். "நானே நடந்துட்டு வரேன்," என்று படியிறங்கிப் போய்விட்டார். நல்லது, மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா மறுபடி நகம் வெட்ட உட்கார்ந்தாள்.

நான் வேலையை ஆரம்பித்தேன். வேறொருவருக்கான ஒரு வளையலைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. இரண்டு முனையையும் ஒட்ட வைக்க நடுவில் வைத்து உருக்குகிற கலவைக்கு எங்கள் தொழிலில் பொடி என்று பெயர். பொடி வைத்து ஊதுவது என் பிழைப்பு. பொடி வைத்துப் பேசுவது அக்காவுடையது.

"லிஃப்ட்காரர் நேராத்தான் போய்ட்டு வருவார், பாரு," என்றாள்.

அப்படியேதான் நடந்தது. அத்தான் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து கம்பியை நீட்டினார். ஒரு வளைவு இல்லை. எடுத்துப் போனது எப்படியோ அப்படியே இருந்தது.

"தொட்டியிலேருந்து நேரா தெரு. நேரா வீடு. இதுல வளைக்க என்ன இருக்கு?"

"நேராப் போனேன்னு யார் சொன்னா?" என்றாள் அக்கா.

"வேற எப்படிப் போவே?"

"எப்படிப் போயிருப்பேன்? சொல்லுங்களேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னாத்தானே தெரியும்! இத்தனை வருஷத்துல ஒரு நாள் வாயைத் திறந்திருக்கியா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு!" அக்காவின் குரல் அறை முழுக்க எதிரொலித்தது. "நாள் பூரா ஊர் பேர் தெரியாதவங்களை உக்கார வச்சு, இது தெரியுதா அது தெரியுதான்னு கேக்கறேன். எனக்கு எது தெரியுது, எது வேணும்னு நீங்க ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? எல்லாம் தெரிஞ்ச மாதிரி நீங்களே முடிவு பண்ணி, நீங்களே கையெழுத்துப் போட்டு, கடைசியில 'நாம'!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நின்னு சண்டை போடுங்க," என்றேன். "என் கையில நெருப்பு இருக்கு."

யாரும் தள்ளி நிற்கவில்லை. ஆனால் பேச்சு நின்றது. அத்தான் கையிலிருந்த நேர்க் கம்பியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் அதை என்னிடம் எறிந்துவிட்டுப் போய்விடுவார் என்றுதான் எனக்குப் பயம். போனால் இந்த முறை போனதுதான். மாசக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார். ஒரு கேள்வி கேட்க மனுஷனுக்கு இவ்வளவு கஷ்டமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"சரி," என்றார். "எந்த வழியாப் போனே?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைத் தேடினாள். "வாங்க, காட்டறேன். நீயும் வாடி. கம்பியை எடுத்துக்க. கொஞ்சம் நீளமாவே எடுத்துக்க."

தண்ணீர்த் தொட்டியிலிருந்து அவள் எங்கள் தெருவுக்குள் திரும்பவே இல்லை. எதிர்ப்பக்கம், மரக்கடைகளுக்குப் பின்னால் போகும் மண் பாதையில் இறங்கினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பிறந்து வளர்ந்த தெருவுக்குப் பக்கத்திலேயே இருந்தும், அந்தப் பாதையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

"இங்க எங்கே போறே? இது ரயில் பாதைப் பக்கம்ல போகுது?" என்றேன்.

"யோசிச்சுப் பாரு. கடையிலேருந்து நான் எதுல வர்றதா வீட்டுல நினைச்சுக்கிட்டு இருந்தாங்க?"

"பஸ்ல."

"பஸ் ஸ்டாப் எங்க இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பஸ் நிறுத்தம் தெருவின் அந்த முனையில். தண்ணீர்த் தொட்டி இந்த முனையில். அப்பா சாயங்காலம் ஆனால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பஸ்ஸில் வர வேண்டியவள் தொட்டிப் பக்கமிருந்து நடந்து வந்தால் அன்றோடு கதை முடிந்தது. நான் அப்போது சின்னப் பெண். அக்கா தினமும் பஸ் நிறுத்தத்துப் பக்கமிருந்து வருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஓடிப்போய்ப் பையை வாங்கியிருக்கிறேன். ஊரார் வழியையெல்லாம் நடந்து பார்த்து வளைக்கும் நான், என் அக்கா நடந்த வழியை அத்தான் வாய்ச்சொல்லை நம்பிச் சுருள் சங்கிலியால் மூடியிருக்கிறேன்.

பாதை வளைந்தது, மறுபடி வளைந்தது. கம்பியை வளைக்க வளைக்க என் கட்டைவிரல் வலித்தது. அக்கா முன்னால் போனாள். அத்தான் அவளுக்குப் பின்னால் பேசாமல் நடந்தார். மரக்கடை ஒன்றின் பின்பக்கம் வந்ததும் அவள் நின்றாள்.

"இங்க நாய் இருக்கும். செருப்புச் சத்தம் கேட்டா குலைக்கும். கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போவேன். ஒரு தடவை மரச்சிராய் ஏறி, வீட்டுல கேட்டதுக்கு பஸ்ல யாரோ மிதிச்சுட்டாங்கன்னு சொன்னேன்."

"ஞாபகம் இருக்கு," என்றேன். "அப்பா பஸ்காரனைத் திட்டினார்."

அத்தான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அந்த நேரத்துல விசிலடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டு இருப்பேன்," என்றார்.

"தெரியும். மரக்கடை வரைக்கும் கேக்கும்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று சொல்லலாம்.

மரக்கடைகள் முடிந்து, ரயில் பாதைச் சுவரை ஒட்டி வெகுதூரம் நடந்து, ஒரு அச்சகத்தின் பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து வெளியே வந்தோம். எதிரே பஸ் நிறுத்தம். சந்தின் வாயில் ஒரு மதில். அதற்குப் பின்னால் போய் நின்று காட்டினாள்.

"பஸ் வர்ற வரைக்கும் இங்க நிப்பேன். வந்ததும், இறங்குறவங்களோட கலந்துடுவேன்."

என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தேன். அவர்கள் சேர்ந்து நடந்த வழியைவிட இது நீளம். மாலையாகச் செய்தால் கழுத்தை இன்னொரு சுற்று சுற்ற வேண்டும்.

"தினமுமா?" என்றார் அத்தான்.

"தினமும்."

"இவ்வளவு கஷ்டம்னு சொல்லியிருந்தா நான் தொட்டி வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கவே மாட்டேனே. பஸ்லயே ஏத்தி விட்டிருப்பேன்."

"பாத்தியாடி? உடனே முடிவு." அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது. "கஷ்டம்னு நான் சொன்னேனா? பயமா இருக்கும், அது வேற. ஆனா இந்த வழி என்னோடது. கடையில முதலாளி, வீட்டுல அப்பா, பாலத்துல நீங்க, எல்லா இடத்துலயும் யாராவது பேசிக்கிட்டே இருப்பீங்க. எனக்கு யோசிக்க இந்த ஒரு இடம்தான். உங்களைக் கட்டிக்கலாம்னு நான் முடிவு பண்ணினது பாலத்துல இல்ல. இதோ, இந்தச் சுவத்துக்குப் பின்னால, பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு நிக்கும்போது."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். தங்கைக்கு இதையெல்லாம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் என் கண் நிறைந்தது கூச்சத்தினால் அல்ல. இத்தனை வருஷமாக அவள் மழையிலும் நடந்தே வேலைக்குப் போனது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அத்தானுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஒரேயடியாக நிமிர்ந்தார். "அந்த வீடு வேண்டாம். நாளைக்கே போய் வேண்டாம்னு சொல்லிடறேன். பழைய வீட்டுலயே இருந்துக்கலாம் நாம."

அக்கா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். அடப்பாவி மனுஷா என்று நானே வாய்விட்டுச் சொல்லியிருப்பேன், உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மறுபடியும் பார்த்தீங்களா?" என்றாள் அவள் மெதுவாக. "வேணும்னும் நீங்களே சொல்றீங்க. வேண்டாம்னும் நீங்களே சொல்றீங்க."

எதிரே பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது: ரோஷம், குழப்பம், பயம். கடைசியில் எதுவும் மிச்சமில்லாமல் வெறும் முகமாக ஆனது.

"உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அக்கா பதில் சொல்வாள் என்று காத்திருந்தேன். இத்தனை நாள் என் கட்டிலில் படுத்துக்கொண்டு, கேட்கவில்லை கேட்கவில்லை என்று புலம்பியவள் ஆயிற்றே, பதிலைக் கையில் தயாராக வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் திகைத்துப்போய் நின்றாள். கண் பரிசோதிக்க வந்தவர்கள் முதல் தடவை அந்த நாற்காலியில் உட்காரும்போது விழிப்பார்களே, அப்படி விழித்தாள்.

"தெரியலையே," என்றாள். "கேப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. யோசிச்சு வைக்கல."

"இப்ப யோசி."

"நடந்தாத்தான் எனக்கு யோசனை வரும்."

"நானும் கூட வரட்டுமா?"

"வேண்டாம்."

அவள் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, வந்த வழியே சந்துக்குள் திரும்பி நடந்தாள். சுவரை ஒட்டி, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல். அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. அத்தான் தன்னை அறியாமல் அவள் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கேட்டீங்க, அவ சொல்லிட்டா. நில்லுங்க, அத்தான்."

"எவ்வளவு நேரம் ஆகும், கம்பி?"

"அதையும் அவளைத்தான் கேக்கணும்."

அவர் மதிலுக்குப் பின்னால் போய் நின்றார்.